எண்ணம் என் தலைக்குள் வருகிறது, எண்ணுவது நானில்லை: மனச்சிதைவு நோயும் இரண்டு வகை விளக்கங்களும்

நீங்கள் கேட்டிருப்பது இது: அண்ணனுக்கு ஐந்து ஆண்டுகளாக மனச்சிதைவு நோய் இருக்கிறது, அவரைப் பார்க்கும் மருத்துவர், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் விதம் மாறியிருக்கிறது என்கிறார், தத்துவம் படிக்கும் உங்கள் தோழியோ, 'தான்' என்னும் உணர்வே ஆட்டம் காணுகிற நிலை இது, வேதிப்பொருள் கணக்கில் அடங்காது என்கிறார், இருவரில் யார் சொல்வது சரி, இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருவர் சொல்வதும் சரிதான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். தத்துவத்தில் முதுகலை படித்துவிட்டு மருத்துவ உளவியலுக்கு வந்தவன் நான். சென்னையில் இந்த நோயாளிகளுக்கான பகல்நேரப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. எதை விளக்க வேண்டும் என்பதைப் பிசகில்லாமல் சொல்வது தத்துவத்தின் வேலை. அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சோதித்துப் பார்ப்பது, மனம் அறியும் விதத்தை ஆராயும் அறிதிறன் உளவியலின் வேலை. முதல் வேலை பிசகினால், இரண்டாவது வேறு எதையோ விளக்கிவிட்டு நோயை விளக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இரண்டாவது வேலை நடக்காவிட்டால், முதலாவது அழகான விவரிப்பாக மட்டுமே நின்றுவிடும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். அம்மா அழைத்து வந்திருந்தார். “காதுல குரல் கேட்குதுன்னு சொல்றான் சார்” என்று அவர் தொடங்கியதும் மகன் குறுக்கிட்டுத் திருத்தினார்: “குரல் இல்ல சார், யோசனை. என் தலைக்குள்ளதான் வருது. ஆனா நான் யோசிக்கல.” கொஞ்சம் விளக்கிச் சொல்லச் சொன்னேன். நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “கீபோர்டுல நான் கையே வைக்கல. ஆனா ஸ்கிரீன்ல எழுத்து ஓடிட்டே இருக்கு. ஸ்கிரீன் என்னோடதுதான். அடிக்கிறது யாருன்னுதான் தெரியல.” அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “உன் தலைக்குள்ள உன்னைத் தவிர வேற யாருடா யோசிப்பாங்க?” என்று கேட்டு அழுதுவிட்டார்.

அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் தத்துவவாதிகள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'யாருக்கோ வலிக்கிறது, அது எனக்குத்தானா என்று தெரியவில்லை' என்று எவரும் சொல்வதில்லை. வலி தெரிகிறதென்றால் அது என் வலி; அதில் ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லை. 1968இல் சிட்னி ஷூமேக்கர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்: என்னை நானே உள்ளிருந்து அறியும் சில அறிவுகளில், 'யார்' என்பதில் தவறு நேரவே முடியாது. நம் மரபிலும் இதற்கு அருகில் ஒரு சொல் இருக்கிறது. புலன்வழி வருவது, மனத்தால் வருவது என்று காட்சியைப் பிரிக்கும் சைவ சித்தாந்தம், இன்ப துன்பங்களைத் தன்னுள் தானே உணர்வதைத் 'தன்வேதனைக் காட்சி' என்று தனியே எடுத்து வைக்கிறது. எண்ணமும் அப்படிப்பட்டதுதான் என்று நாம் நம்புகிறோம். என் மனத்தில் ஓடும் எண்ணம் யாருடையது என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. அந்த இளைஞருக்கோ எழுந்தது.

அவர் சொன்னதைக் கவனித்தால், அவர் குழப்பமாகப் பேசவில்லை என்பது தெரியும். ஸ்கிரீன் தன்னுடையது என்கிறார். அடிப்பவன் தானில்லை என்கிறார். நாம் ஒன்றாகவே வைத்திருக்கும் இரண்டு உணர்வுகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். 2000இல் ஷான் கேலகர் என்ற தத்துவவாதி இவற்றை உடைமை உணர்வு என்றும் செய்பவன் உணர்வு என்றும் பிரித்தார். ஷேர் ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்கிறீர்கள். சாய்ந்தது உங்கள் உடல்தான், சாய்த்தது நீங்களில்லை. உடலில் தினமும் நிகழ்கிற இந்தப் பிரிவு எண்ணத்திலேயே நிகழ்ந்தால் எப்படியிருக்கும் என்பதைத்தான் அந்த இளைஞர் தன் தொழிலின் சொற்களை வைத்துச் சொல்லிவிட்டார். குரல் கேட்கிறது என்று வழக்கேட்டில் எழுதிவிட்டிருந்தால் அது தவறான பதிவு. அதை வைத்துச் செய்யும் எந்த விளக்கமும் காதின் பக்கம் போயிருக்கும்.

இந்த நோயின் பெயரே பலரைத் தவறான பக்கம் கொண்டுபோயிருக்கிறது. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை இளவயதில் வரும் மூளைத் தேய்வாகக் கருதிப் பெயரிட்டார். சுவிஸ் மனநல மருத்துவர் ஒய்கன் பிளாய்லர் 1908இல் 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். சிதைவு என்று அவர் குறித்தது எண்ணம், உணர்ச்சி, விருப்பம் ஆகியவை ஒன்றோடொன்று இயைந்து போகாமையைத்தான். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாக நம் திரைப்படங்கள் காட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி அறிதிறன் உளவியல் என்ன செய்தது என்று பார்ப்போம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் ஓரத்தை இமையின் மேல் விரலால் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதிரே இருக்கும் சுவர் நகரும். இப்போது விரலை எடுத்துவிட்டுக் கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு முறையும் விழித்திரையில் பிம்பம் நகர்ந்தது என்னவோ உண்மை. வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கண்ணை ஓட்டும்படி தசைக்குக் கட்டளையிடும் மூளை, அந்தக் கட்டளையின் நகல் ஒன்றைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. இன்ன மாற்றம் வரும் என்று அதைக் கொண்டு முன்கூட்டியே கணித்து, வந்த மாற்றத்திலிருந்து கழித்துவிடுகிறது. விரல் அழுத்தும்போது கண் தசைகளுக்கு அந்தக் கட்டளை போகவில்லை, நகலும் இல்லை, கழிக்க எதுவும் இல்லாததால் உலகமே நகர்வதாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் யோசித்த விஷயம் இது. 1950இல் ஹோல்ஸ்ட்டும் மிட்டெல்ஷ்டேட்டும் ஒரு பக்கம், ரோஜர் ஸ்பெர்ரி மற்றொரு பக்கம், இதைச் சோதனைகளால் நிலைநாட்டினார்கள்.

இதை மனச்சிதைவு நோய்க்குப் பொருத்திக் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ் ஃப்ரித். 1992இல் அவர் முன்வைத்த கருத்து எளிமையானது: தன் செயலைத் தானே முன்கூட்டிக் கணிக்கும் இந்த ஏற்பாடு பழுதுபட்டால், தான் செய்வதே பிறர் செய்வதாகத் தோன்றும். தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள நம்மால் முடியாததற்குக் காரணமும் இந்தக் கணிப்புதான். 2000இல் சாரா-ஜெயின் பிளேக்மோரும் ஃப்ரித்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், மாயக்குரல் கேட்டவர்களும் தன் செயலைப் பிறர் இயக்குவதாக உணர்ந்தவர்களும், தாமே தம் உள்ளங்கையில் ஏற்படுத்திய தொடுதலையும் பிறர் ஏற்படுத்திய தொடுதலையும் ஏறக்குறைய ஒரே அழுத்தமுள்ளவையாகவே உணர்ந்தார்கள். மற்றவர்களுக்குத் தம் தொடுதல் மங்கலாகத் தெரிந்தது. நாம் பேசும்போது நம் குரலுக்கு மூளையின் செவிப்பகுதி எப்போதும் சற்றே அடங்கித்தான் பதிலளிக்கும். மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்த அடக்கம் குறைவாக இருப்பதை ஜூடித் ஃபோர்டும் டேனியல் மாத்தலானும் மூளையின் மின் அலைகளில் அளந்து காட்டினார்கள். 'தன் எண்ணத்தைத் தானே அடையாளம் காண முடியுமா' என்ற தத்துவக் கேள்விக்கு மின்வாயைத் தலையில் ஒட்டி அளக்கும் வழி ஒன்று பிறந்தது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

ஆனால் இந்த இடத்தில் தத்துவம் கையை உயர்த்தி ஓர் ஐயத்தை எழுப்புகிறது, அது நியாயமான ஐயமும்கூட. கையை அசைக்கும் முன் அசைக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. எண்ணத்துக்கு முன் என்ன கட்டளை இருக்கிறது? ஓர் எண்ணத்தை எண்ணுவதற்கு முன் 'இதை எண்ண வேண்டும்' என்று நாம் எண்ணுவதில்லை. அப்படி எண்ணினால் அதற்கும் முன்னால் இன்னொன்று வேண்டியிருக்கும், இதற்கு முடிவே இராது. இன்னொரு பக்கமும் பாருங்கள். ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் காலையில் கேட்ட பாட்டு, மாலை வரைக்கும் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் அதை ஓட்டவில்லை. நிறுத்தப் பார்த்தாலும் நிற்காது. ஆனாலும் யாரோ என் தலைக்குள் அந்தப் பாட்டைப் போடுகிறார் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அப்படியென்றால், செய்பவன் உணர்வு இல்லாமல் போவது மட்டும் இந்த நோயை விளக்கப் போதாது. வந்துகொண்டே இருக்கும் எண்ணத்தின் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது? முன்கூட்டிக் கணிக்கும் ஏற்பாட்டின் பழுது இதற்கு விடை சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல், தன் கோட்பாட்டைத் திரும்பிப் பார்த்து எழுதிய ஃப்ரித், அது தனியே போதாது என்பதை மறைக்கவில்லை. தத்துவத்தின் கேள்வி அறிவியலைத் தள்ளிவிடவில்லை, அடுத்த இடத்துக்கு நகர்த்தியது. உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிறு விலகல் செய்துகொள்கிறேன். மாயக்குரலைப் பற்றி 1990இல் ரிச்சர்ட் பென்டால் என்ற உளவியலாளர் ஒரு கருத்தை வலுவாக முன்வைத்தார்: உள்ளே பிறந்த ஒன்றுக்கு வெளியே மூலம் கற்பிக்கப்படுகிறது, அதாவது, தான் நினைத்ததையும் தான் கேட்டதையும் பிரித்தறியும் திறன் அங்கே சறுக்குகிறது. இதைப் படித்தபோது, வேதத்துக்குப் பொருள் காணும் இந்தியத் தத்துவப் பள்ளியான மீமாம்சை பற்றிய வகுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. சிப்பியைப் பார்த்து வெள்ளி என்று ஒருவன் நினைப்பது எப்படி? கயிற்றில் பாம்பு தெரிவது போலவே இதுவும் நம் தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. மீமாம்சையில் பிரபாகரர் என்ற ஆசிரியரின் வழிவந்தவர்கள் சொன்ன விடை, அங்கே பொய்யான அறிவு எதுவுமே இல்லை என்பதாகும். 'இது' என்பது கண்ணால் கண்ட அறிவு, 'வெள்ளி' என்பது நினைவிலிருந்து வந்த அறிவு. இரண்டும் தனித்தனியே உண்மை. இவை இரண்டு என்ற வேறுபாட்டை உணராததுதான் திரிபு. 7ஆம் நூற்றாண்டு வாக்கில் தோன்றிய ஒரு சிந்தனைக்கும் நம் காலத்து உளவியலுக்கும் இடையே நேரடி உறவு எதுவுமில்லை, அப்படிச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் பிழை என்பது புதிதாக ஒன்று சேர்வதால் மட்டும் வருவதில்லை, ஒரு வேறுபாடு விட்டுப்போவதாலும் வரும் என்ற வாய்ப்பாடு நோயாளியின் பக்கம் இருந்து பார்க்க மிகவும் உதவுகிறது. அவர் எதையும் இட்டுக்கட்டவில்லை. நமக்குத் தானாகவே கிடைக்கும் ஓர் அடையாளம் அவருக்குக் கிடைக்கவில்லை.

குரலையும் எண்ணத்தையும் விட்டு நம்பிக்கைக்கு வருவோம், ஏனென்றால் வீட்டில் இருப்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது அதுதான். ஹைடல்பெர்க்கில் மனநல மருத்துவராகத் தொடங்கிப் பின்னர் தத்துவவாதியான கார்ல் யாஸ்பர்ஸ், 1913இல், இந்த நோயின் தொடக்கத்தில் நம்பிக்கைக்கு முன்பே ஒரு சூழல் மாற்றம் வருகிறது என்று எழுதினார். எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மனநல மருத்துவர் கிளாவுஸ் கொன்ராட் 1958இல் இதை மேடையேறப் போகும் நடிகனின் பதற்றத்தோடு ஒப்பிட்டார். நம் இளைஞர் சொன்னது இது: அண்ணா சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது சுவரொட்டிகள் “என்னைப் பார்த்துட்டு ஒட்டின மாதிரி” இருந்தன. எதைச் சொல்கின்றன என்று தெரியவில்லை, ஆனால் தனக்குத்தான் சொல்கின்றன என்பது நிச்சயம். அந்த நிலையில் அவர் மூன்று வாரம் இருந்திருக்கிறார். அதன் பிறகு ஒரு நாள், போட்டிக் கடைக்காரர் தன்னைக் கண்காணிக்க ஏற்பாடு செய்திருக்கிறார் என்று 'புரிந்தது'. புரிந்ததும் ஒரு நிம்மதி வந்ததாகவும் சொன்னார்.

இந்த விவரிப்புக்கு ஓர் உடலியல் விளக்கத்தை 2003இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் கொடுத்தார். உங்கள் மருத்துவர் சொல்லும் டோபமைன் இங்கேதான் வருகிறது. ஒரு பொருள் நமக்கு முக்கியம், கவனி, என்று மூளை குறித்து வைப்பதில் டோபமைனுக்குப் பங்கு இருக்கிறது. காரணமில்லாத நேரத்தில் அது சுரந்தால், முக்கியமில்லாத சுவரொட்டிக்கும் அந்தக் குறி விழுந்துவிடும். எல்லாம் தன்னை நோக்கிக் கைகாட்டும் உலகத்தில் மாதக்கணக்கில் யாராலும் இருக்க முடியாது. ஒரு விளக்கத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். தவறான நம்பிக்கை என்று நாம் சொல்வது அந்த விளக்கத்தை. மாத்திரை அந்தக் குறியின் வலிமையைத் தணிக்கிறது, நம்பிக்கையை நேரடியாக அழிப்பதில்லை என்றும் கபூர் சுட்டிக்காட்டினார். இது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழித்து இளைஞர் சொன்னார்: “அந்த நினைப்பு இருக்கு சார். ஆனா முன்ன மாதிரி சட்டையைப் பிடிச்சு இழுக்கல.” எனவே உங்கள் அண்ணனுக்கு ஆறு வாரம் மருந்து கொடுத்தும் 'இன்னும் அதையே சொல்கிறாரே' என்று மனம் தளர வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பிடித்து இழுப்பது குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கபூரின் கோட்பாடு யாஸ்பர்ஸ் விவரித்த அந்தச் சூழல் மாற்றத்தோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் தருகிறது என்பது என் கருத்து. டோபமைன் என்ற சொல்லை மட்டும் சொன்னால், அந்த இளைஞர் கடந்த மூன்று வாரங்களைப் போல உங்கள் அண்ணன் கடந்திருக்கக்கூடிய நாட்களை நீங்கள் ஒருபோதும் அறியப்போவதில்லை. யாஸ்பர்ஸை மட்டும் படித்தால், மாத்திரை ஏன் வேலை செய்கிறது என்பது புரியாது.

யாஸ்பர்ஸிடம் நான் உடன்படாத இடமும் உண்டு. இந்த நோயின் அடிப்படை நம்பிக்கைகள் எதனால் வருகின்றன என்று காரணம் சொல்லி விளக்கலாம், ஆனால் இன்னொரு மனிதரின் அனுபவமாக உள்ளே நுழைந்து புரிந்துகொள்ள முடியாது என்று அவர் ஒரு கோடு போட்டார். நோயாளியின் பேச்சைக் கேட்காமல் குறிப்பு எழுதும் பழக்கத்துக்கு அந்தக் கோடு பின்னாளில் சாக்காகிவிட்டது. அதைக் கடந்து போனவர்கள், அனுபவம் அனுபவிப்பவருக்குத் தோன்றும் விதத்தையே ஆராயும் நிகழ்வியல் மரபின் பிற்காலத்தவர்கள். மனநல மருத்துவர் வோல்ஃப்காங் பிளாங்கன்பர்க் 1971இல் எழுதிய நூலில், ஆனி என்று அவர் அழைக்கும் ஓர் இளம்பெண், தனக்கு இல்லாமல் போனது அறிவல்ல, யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் அந்த இயல்பான தெளிவு என்று விளக்க முயல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் எத்தனை நேரம் நின்று பேசுவது, எப்போது சிரிப்பது என்பதையெல்லாம் நாம் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டி வந்தால் ஒரு நாள் தாங்குவோமா?

2003இல் லூயி சாஸ், யோசெஃப் பார்னாஸ் ஆகியோர் இதை ஒரு கோட்பாடாக்கினார்கள். மனச்சிதைவு நோயின் மையத்தில், 'இதை அனுபவிப்பவன் நான்' என்று எப்போதும் பின்னணியில் ஓடும் மெல்லிய உணர்வு தேய்கிறது. அதே நேரத்தில், பின்னணியில் இருக்க வேண்டியவை முன்னுக்கு வந்து உற்றுப்பார்க்கும் பொருளாகின்றன. இளைஞரின் தொழிலிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருந்தது. நோய் முற்றுவதற்கு ஓராண்டு முன்பே அவருக்குத் தட்டச்சில் பிழைகள் அதிகமாகி, முதலாளி திட்டத் தொடங்கியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “விரலைப் பார்த்துப் பார்த்து அடிக்க ஆரம்பிச்சேன் சார். விரல் எப்படிப் போகுதுன்னு பார்த்தா அது போகாது” என்றார். சோம்பல், கவனக்குறைவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்ட ஒன்று, எனக்குத் தெரிந்தவரை அவருடைய நோயின் முதல் அறிகுறி. சாஸும் பார்னாஸும் சொல்வதைப் படிக்காதிருந்தால் நான் அதைக் கேட்டும் கேளாமல் விட்டிருப்பேன்.

அண்மைக் காலத்தில் தத்துவம், அறிதிறன் உளவியல் என்ற இந்த இரு ஓடைகளும் சேரும் இடமாக 'முன்கணிப்பு' என்ற கருத்து வளர்ந்திருக்கிறது. மூளை வெளியுலகத்தை வெறுமனே வாங்கிக்கொள்ளவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து, வந்த தகவலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் இருக்கும் முக அச்சை உட்புறமாகத் திருப்பிச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். குழிந்திருக்கும் முகம் நமக்குப் புடைத்த முகமாகவே தெரியும், ஏனென்றால் முகம் என்றால் மூக்கு வெளியே நீட்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு அவ்வளவு வலியது. மனச்சிதைவு நோயாளிகள் பலருக்கு அது குழிந்தே தெரிகிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 2009இல் வெளியான மூளைப் படமெடுப்பு ஆய்வும் அவற்றுள் ஒன்று. நம்மைவிடச் சரியாகப் பார்க்கிறார்கள்! மாறாக, 2017இல் பவர்ஸ், மாதிஸ், கார்லெட் ஆகியோர் ஒரு காட்சியையும் ஓர் ஒலியையும் சேர்த்துச் சேர்த்துப் பழக்கிவிட்டு, பின்னர் காட்சியை மட்டும் காட்டியபோது, குரல் கேட்கும் வழக்கமுள்ளவர்களே இல்லாத ஒலியை அதிகம் கேட்டார்கள். முதல் சோதனையில் எதிர்பார்ப்பு வலுவிழந்திருக்கிறது, இரண்டாவதில் மிகுந்திருக்கிறது. இரண்டும் மூளையின் வெவ்வேறு படிகளில் நிகழ்பவை என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். எந்த முடிவு வந்தாலும் விளக்கிவிடும் கோட்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் எப்போதும் உண்டு. அந்தத் தயக்கமும் தத்துவம் கற்றுக்கொடுத்ததுதான்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் தனி இடம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை இங்கே வசைச்சொல்லாகப் பயன்படுத்துவார்கள். எனக்கு அது கேட்கும்போதெல்லாம் வலிக்கும். அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல், மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். நோய் முதன்முறை கண்ட 90 பேரை 1981-82இல் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வும் இந்த நகரத்தில்தான் நடந்தது. வந்து வந்து தணிவதாகவே பலருக்கும் நோய் இருந்தது. இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் சிறுபான்மையினர்.

தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர், ஸ்கார்ஃப் மருத்துவர்களோடும் கானா நாட்டு மருத்துவரோடும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. கலிபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர் என்று, குரல் கேட்கும் நோயாளிகளிடம் அந்தக் குரல்களைப் பற்றியே கேட்டார்கள். அமெரிக்கர்களில் பலருக்குக் குரல் வன்முறையாகவும், பழுதான மூளையின் அத்துமீறலாகவும் இருந்தது. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது உறவினர் குரல். அம்மா, மாமியார், அக்கா. வேலை சொல்லும், திட்டும், அறிவுரையும் சொல்லும். பெரம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் எனக்கு நினைவுக்கு வருகிறார். காலமாகிவிட்ட மாமியாரின் குரல் காலையில் அவரிடம், “மெட்ரோ தண்ணி லாரி வந்துடுச்சு, குடத்தை எடுத்துட்டுப் போ” என்று சொல்லுமாம். சில நாள் லாரி வந்திருக்கும், சில நாள் வந்திருக்காது. “அத்தை உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான் சார்” என்றார் அவர். இதே அம்மாளுக்குக் குரல் கடுமையாகி, சாப்பிடாதே என்று சொன்ன வாரங்களும் உண்டு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. எனவே நம்மூர்க் குரல்கள் இனிமையானவை என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஆனால் உள்ளே பிறக்கும் ஒன்றுக்கு எந்த முகம் பொருந்துகிறது என்பதை வீடும் ஊரும் தீர்மானிக்கின்றன என்பது, மூளையின் எதிர்பார்ப்பைப் பற்றிய கோட்பாட்டுக்கும் பொருந்துகிறது, மனிதர் உறவுகளால் ஆனவர் என்ற தத்துவப் பார்வைக்கும் பொருந்துகிறது.

தோழியின் பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தத்துவம் படித்தவர்கள் குரலிலும் நம்பிக்கையிலும் தன்னிலையிலும் மயங்கிப்போய், நோயாளியை வேலையிலிருந்தும் படிப்பிலிருந்தும் விலக்கி வைக்கிற மந்தத்தை மறந்துவிடுகிறார்கள். நினைவில் நாலு விஷயத்தை நிறுத்திவைக்க முடியாமை, கவனம் நிலைக்காமை, எதையும் தொடங்க முடியாமை ஆகியவற்றில் விந்தை எதுவும் இல்லாததால் அவற்றைப் பற்றி நூல்கள் குறைவு. இன்றைய மருந்துகள் அவற்றுக்கு அதிகம் உதவுவதுமில்லை. அண்ணன் பல் தேய்க்க மறந்தால் அது அலட்சியம் அல்ல. பயிற்சியும் பட்டியலும் பொறுமையும்தான் அங்கே கைகொடுக்கும்.

அண்ணனிடம் பேசுவதைப் பற்றி. அவருடைய நம்பிக்கையோடு வாதாடாதீர்கள். பிளாய்லர் தம் காலத்திலேயே கவனித்த ஒன்று உண்டு: தன்னைப் பேரரசன் என்று உறுதியாகச் சொல்லும் நோயாளி, மனநல மருத்துவமனையின் தரையைக் கூட்டும் வேலையையும் செய்துகொண்டிருப்பார். இரண்டு கணக்குப் பேரேடுகள் தனித்தனியே எழுதப்படுகின்றன. அந்த நம்பிக்கை, மழை வரும் என்று நாம் நம்புவதைப் போன்ற சாதாரண நம்பிக்கையாக இருந்திருந்தால் சான்று காட்டி மாற்றிவிடலாம். அது சான்றின் மேல் நிற்கவில்லை, அவருடைய உலகம் தோன்றும் விதத்தின் மேல் நிற்கிறது. அதற்காக ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். அது அவருக்கு எப்படி வருகிறது, எந்த நேரத்தில் வலுக்கிறது, யாருடையதாகத் தோன்றுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கொடுங்கள். தன்னையோ பிறரையோ வருத்தச் சொல்லி எதுவும் வருகிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

திருவல்லிக்கேணி இளைஞரின் அம்மாவுக்கு இதைப் பழகிக்கொள்ள ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. கடைசியாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேசிக்கொண்டிருந்த மகன் சட்டென்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அம்மா காபி ஆற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், “ஏண்டா, இது நீ யோசிச்சதா, வந்ததா?” என்று கேட்டார். “வந்ததும்மா” என்றார் மகன். “சரி, வந்தது அதுபாட்டுக்கு இருக்கட்டும். நீ என்ன சொல்லிட்டு இருந்தே?” என்று டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.